இரட்டை வேகம்

"மூடுன மார்க்கைத் திறக்கணும் சார்."

கண்ணாடி அறைக்குள் நுழைந்ததும், என்ன ஏது என்று மேனேஜர் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். வாயருகே போன காபிக் கோப்பை அப்படியே அந்தரத்தில் நின்றது.

இதைக் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே பெரியண்ணன் காதில் போட்டு வைத்திருந்தார். ஆபீசில் எல்லாருக்கும் அவர் பெரியண்ணன்தான். தொப்பையால் பாதி, அனுபவத்தால் மீதி என்று வந்த பட்டம். "லீவு கேளு, நல்ல நாற்காலி கேளு. அந்தாளு தலையில இருக்கறது சொந்த முடியான்னுகூடக் கேளு. மூடுன மார்க்கைத் திறன்னு மட்டும் கேட்டுடாதே தங்கச்சி. அப்படிக் கேட்டவங்க யாரும் இப்ப இங்க இல்ல."

மேனேஜர் கோப்பையைக் கீழே வைத்தார். "எந்த மார்க்கு?"

"ஒரு கணக்கு டீச்சருக்கு நான் போட்டது. தப்பாப் போட்டுட்டேன்."

"தப்பாப் போட்டா அடுத்ததைச் சரியாப் போடு. மூடுனது மூடுனதுதான். போம்மா, வேலையப் பாரு."

அவள் போகவில்லை. பேசவும் இல்லை. அப்படியே நின்றாள்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவள் அம்மாவுக்கு இன்றுவரை முழுதாக விளங்கியதில்லை. "பசங்களுக்கு கம்ப்யூட்டர்லயே டியூஷன் எடுக்கறாங்கல்லம்மா. அந்த டீச்சருங்க ஒழுங்கா எடுக்கறாங்களான்னு பதிவைக் கேட்டு மார்க் போடறது" என்று ஒருநாள் விளக்கினாள். "டீச்சருக்கே நீ மார்க் போடுவியாடி?" என்று அம்மா வாய் பிளந்தாள். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். பகல் முழுக்க நின்ற கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் சொன்னது இதுதான்: "உக்காந்து செய்யற வேலை. நம்ம குடும்பத்துல உக்காந்து சம்பாதிச்சது நீ ஒருத்திதான். அங்கேயும் போய் உன் வாயைக் காட்டிக் கெடுத்துக்காதே."

வாய் அவளுக்குக் கொஞ்சம் நீளம்தான். பள்ளியில் 'மிளகா' என்று கூப்பிட்டார்கள். பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

ஆனால் இந்த வேலையில் வாய்க்கு இடமே இல்லை, காதுக்கு மட்டும்தான். பதிவுகளில் முகம் தெரியாது. வெள்ளைப் பலகை, அதில் நகரும் எழுத்து, ஒரு குரல். டீச்சருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். தலைக்கு மேல் குவிந்து கிடக்கும் பதிவுகளை அதனதன் வேகத்தில் கேட்டால் விடிந்துவிடும் என்று எல்லாரும் இரட்டை வேகத்தில் வைத்துத்தான் கேட்பார்கள். யாரும் பேசாத இடம் வந்தால் பதிவின் அடியில் சிவப்பாகக் கோடு விழும். அதற்கு 'டெட் டைம்' என்று பெயர். சிவப்பு நீண்டால் மார்க்கை வெட்ட வேண்டும். போட்டு மூடிய மார்க்கை மேனேஜர் மட்டும்தான் திறக்க முடியும். வெட்டு தொடர்ந்தால் அந்த எண்ணுக்கு அதற்குமேல் வகுப்பு கிடைக்காது. சிவப்பை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. கர்சரைத் தூக்கிக் கோடு முடியும் இடத்தில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் என்னத்தைக் கேட்பது?

ஒரு கணக்கு டீச்சரின் பதிவுகள் மட்டும் ரத்தம் சிந்தியது போலச் சிவந்து கிடந்தன. அவை வரிசையாக இவள் பங்குக்கே வந்தன. "இந்தம்மா கேள்வியக் கேட்டுட்டு அடுப்புல பால் பொங்குதான்னு பாக்கப் போயிடுது போல" என்று அவள் சொன்னதும் அந்த மேசை வரிசையே சிரித்தது. சிரிப்பு கொடுத்த உற்சாகத்தில் குறிப்புக் கட்டத்தில் எழுதியும் வைத்தாள்: 'வகுப்பின் நடுவே எழுந்து போய்விடுகிறார். மாணவர் மீது அக்கறை இல்லை.' எழுதியபோது அவளுக்கு உண்மையாகவே கோபம். அக்கறை இல்லாத வாத்தியார்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள். இன்னும் ஒருத்தியை மாட்டவைத்த திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனாள்.

இது நடந்து கொஞ்ச நாளில் பள்ளித் தோழிகள் வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். 'கடைசி பெஞ்ச் மகாராணிகள்' என்று பெயர். பழைய டீச்சர்களை எல்லாம் இணையத்தில் தேடிப் பிடித்துக் குழுவில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு டீச்சர்.

"சிலை டீச்சரை மிளகா தேடட்டும். அவங்க வளர்த்த பிள்ளை அவதானே" என்றாள் வளவளவென்று பேசும் ஒருத்தி.

கணக்கு டீச்சருக்குச் சிலை என்று பெயர் வரக் காரணம் உண்டு. கேள்வி கேட்டுவிட்டால் பதில் வரும்வரை சாக்பீஸோடு சிலை மாதிரி நிற்பார். மற்ற டீச்சர்கள், தெரியவில்லையா, அடுத்தவள் சொல் என்று தாவிவிடுவார்கள். அந்தத் தாவலில் எப்போதும் விடுபட்டுப் போகிறவள் இவள். வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள்கூட யாரும் இல்லை. பதில் மனசுக்குள் மெதுவாகத்தான் ஊறி வரும். வருவதற்குள் கேள்வி வேறொருத்தியிடம் போயிருக்கும். அந்தக் கடுப்பில்தான் மிளகாவுக்குக் காரம் ஏறியது. சிலை டீச்சர் மட்டும் நகரவே மாட்டார். வகுப்பு நெளியும், யாராவது இருமுவார்கள், யாரோ கிசுகிசுப்பார்கள். அவர் நிற்பார். "வருது, வருது. அவளுக்கு வந்துட்டிருக்கு. நீங்க சும்மா இருங்க" என்பார். வந்துவிடும்.

ஃபேஸ்புக்கில் டீச்சரின் பெயரில் ஒரு படையே இருந்தது. பாதிப் பேர் ரோஜாப் பூவையும் தூங்கும் குழந்தையையும் முகமாக வைத்திருந்தார்கள். அதே பெயர் கொண்ட வேறொருவர் தினமும் காலை வணக்கம் சொல்லிப் படம் அனுப்பத் தொடங்கி, இன்றுவரை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு பெண்மணி, 'நீ எந்த மிளகா? கோணத்தை அளக்கச் சொன்னா பக்கத்துல இருக்கறவளைக் குத்தினியே, அவளா?' என்று பதில் எழுதினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. குழுவில் போட்டு ஊரைக் கூட்டினாள்.

டீச்சருக்கு விரலால் தட்டி எழுதுவது பிடிக்காது; குரல் செய்திதான். மறுநாள் நீளமாக ஒன்று வந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவள், பழக்க தோஷத்தில் கட்டைவிரலால் வேகத்தை இரண்டுக்குத் தட்டினாள்.

கட்டைவிரல் வேகத்தை ஒன்றுக்குத் தட்டியது, மறுபடி இரண்டுக்குத் தட்டியது.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். மெதுவாகக் கேட்டால் வகுப்பறையில் நின்ற டீச்சர். வேகமாகக் கேட்டால் அவள் வெட்டித் தள்ளிய எண். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் டீச்சரே சொல்லிக்கொண்டு போனார். "ரிட்டையர் ஆனப்புறம் இணையத்துல கிளாஸ் எடுத்துட்டிருந்தேன்டி. நல்ல பசங்க. இப்ப நிறுத்திட்டாங்க. நான் நடுவுல எழுந்து போயிடறேனாம், அக்கறை இல்லையாம். நான் எங்கடி எழுந்து போவேன், முட்டி வலியோட? சரி விடு. கேட்டவங்க விவரம் தெரிஞ்சவங்களாத்தான் இருப்பாங்க. எனக்கும் வயசாயிடுச்சு, பசங்களை ரொம்பக் காக்க வெக்கறேன் போல. நீ என்ன வேலைம்மா பாக்கறே?"

'கம்ப்யூட்டர் வேலை டீச்சர்' என்று எழுதி அனுப்பினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தமும் போய்விட்டது.

அடுத்த நாள் மதிய இடைவேளையில், சாப்பிடாமல், அந்த எண்ணின் பதிவு ஒன்றைத் திறந்தாள். மூடிய மார்க்கைத்தான் தொட முடியாது, பதிவைக் கேட்கலாம். வேகத்தை ஒன்றுக்குக் கொண்டுவந்தாள். டீச்சர் ஒரு பின்னக் கணக்கைக் கேட்டார். சிவப்புக் கோடு தொடங்கியது. இந்த முறை அவள் கர்சரைத் தூக்கவில்லை.

கோட்டுக்குள் ஒரு வீடு இருந்தது. மின்விசிறி கடகடத்தது. பென்சில் தாளில் கீறியது, நின்றது, மறுபடி கீறியது. மூக்கை உறிஞ்சும் சத்தம். ஒரு பெண்பிள்ளை தனக்குள் முணுமுணுத்தாள். எங்கோ ஒரு கதவை யாரோ சாத்தினார்கள். டீச்சர் பக்கமிருந்து மூச்சுவிடும் சத்தம் மட்டும். எழுந்து எங்கும் போகவில்லை. மிக மெல்ல, பிள்ளையின் காதுக்கே எட்டாதபடி, "வருது, வருது" என்றார். கோடு முடியும் இடத்தில் அந்தப் பிள்ளை "ஆங்!" என்று கத்தினாள். பதில் சரி.

ஆபீசில் அத்தனை பேர் பார்க்க அழுதுவிடுவோமோ என்று பயந்து அவள் கை கழுவும் இடத்துக்கு ஓடினாள். குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தனக்காக நின்று வளர்த்தவரைத்தான், எழுந்து போகிறார் என்று சொல்லி வெளியே தள்ளியிருக்கிறாள். சரி, அவர் தன் டீச்சர் என்பதால் இப்போது கண்ணீர் வருகிறது. அவள் வெட்டிய மற்றச் சிவப்புகளுக்குள் யார் யார் காத்துக்கொண்டிருந்தார்கள்? அவர்களுக்காக எவள் அழுவாள்? வீடு போகும் முன் இன்னும் சில பதிவுகளைத் திறந்து கேட்டாள். சிலவற்றில் உண்மையாகவே ஒன்றுமில்லை. சிலவற்றில் இருந்தது. எது எது என்று வெட்டும்போது அவளுக்குத் தெரியாது. 

அன்று மாலை டீச்சரிடமிருந்து இன்னொரு குரல் செய்தி. "மிளகா, வேற ஒரு கம்பெனியில மாதிரிப் பாடம் அனுப்பச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு அனுப்பணும். இப்பல்லாம் வேகமா எடுக்கப் பழகறேன். எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லு." அதன் பிறகு ஒரு பாடம். டீச்சர் கேள்வி கேட்டார். மூச்சுவிடாமல் பதிலையும் தானே சொன்னார். அடுத்த கேள்விக்குத் தாவினார். மறுபடி தாவினார். சிவப்பு விழ ஒரு இடம் இல்லை. நூற்றுக்கு நூறு போடலாம்.

கேட்டு முடித்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. "என்னடி, யாரையாவது திட்டிட்டு வந்துட்டியா?" என்றாள் அம்மா.

"திட்டியிருந்தாப் பரவாயில்லம்மா."

இப்போது கண்ணாடி அறையில் அவள் நின்றுகொண்டே இருந்தாள். மேனேஜர் பேனாவை எடுத்தார், வைத்தார். திரையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். மௌனம் அவருக்குப் பழக்கமில்லாத பண்டம்.

"என்னம்மா, இப்படி மரமா நின்னா என்ன அர்த்தம்? அந்தம்மா உனக்கு என்ன உறவு?"

"எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவங்க."

"அட, அதை முதல்லயே சொல்லக் கூடாதா!" முகம் மலர்ந்துவிட்டது. சிபாரிசு என்றால் அவருக்குப் புரியும். கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யலாம். 'கேட்டதில் பிழை'ன்னு அந்த ஒருத்தருக்கு மட்டும் எழுதிக் குடு. சத்தமில்லாம நான் திறந்து விட்டுடறேன். அடுத்த வாரம் உன் டீச்சர் கிளாஸ் எடுப்பாங்க. யாருக்கும் தெரிய வேண்டாம், அவங்களுக்கே தெரிய வேண்டாம். சந்தோஷமா?"

ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் அப்படியே புதைந்துவிடும். டீச்சர், 'மிளகா, திரும்பக் கூப்பிட்டுட்டாங்கடி' என்று குரல் அனுப்புவார். வாழ்த்துகள் டீச்சர் என்று இவள் பூப்படம் அனுப்புவாள். அந்த நொடிக்காக அவள் முகம் சுட்டது.

"மத்தவங்க?"

"எந்த மத்தவங்க?"

"சிவப்பு விழுந்துச்சுன்னு காது குடுத்துக் கேக்காமலே நான் வெட்டினவங்க."

"அவங்கல்லாம் உனக்கு டீச்சரா?"

"யாருக்காவது டீச்சர்தானே சார்."

மேனேஜரின் மலர்ச்சி உதிர்ந்தது. "இதோ பாரு. நீ மட்டுமா இரட்டை வேகத்துல கேக்கறே? இதைக் கிளறினா நீ மட்டும் போக மாட்டே, நானும் சேர்ந்து போவேன். ஒருத்தருக்குன்னா எழுது. இல்லையா, வாயை மூடிக்கிட்டு வேலையப் பாரு. சாயங்காலம் வரைக்கும் யோசிச்சுட்டு வந்து சொல்லு."

"எழுதிட்டேன் சார். நான் வெட்டின எல்லாத்துக்கும், என் பேர் போட்டு. எல்லாத்தையும் யாராவது ஒத்தை வேகத்துல திரும்பக் கேக்கணும்னு. காலையிலேயே உங்களுக்கும் அனுப்பிட்டேன், உங்களுக்கு மேல இருக்கறவங்களுக்கும் அனுப்பிட்டேன். நீங்க இன்னும் பாக்கல."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அனுப்பிட்டு அப்புறம் எதுக்கு வந்து கேக்கறே?"

"திறக்கற சாவி உங்ககிட்டதானே இருக்கு. நேர்ல கேக்காம ஓடிப்போயிட்டேன்னு இருக்கக் கூடாது."

அவர் அவசரமாகத் திரைப் பக்கம் திரும்பினார். அவள் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மேசையிலிருந்து கைப்பையை எடுத்தபோது பெரியண்ணன் ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினார். "கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்ண்ணா."

"சொன்னேன்ல, கேக்காதேன்னு." திட்டுகிற குரல் இல்லை. திரும்பித் திரையைப் பார்த்தார். அவருடைய பதிவின் அடியில் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. மவுஸ் மேல் இருந்த அவர் விரல் அசையாமல் கிடந்தது.

அதைப் பார்த்து அவளுக்கு மனசு லேசாகிவிடவில்லை. உட்கார்ந்து சம்பாதிப்பது போயிற்று என்று வீட்டில் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் சொல்ல வேண்டியது வேறு. படியிறங்கிக்கொண்டே ஃபோனை எடுத்துப் பார்த்தாள். 'மாதிரிப் பாடத்தை அனுப்பிடாதீங்க டீச்சர், நான் நேர்ல வரேன்' என்று காலையில் அவள் அனுப்பியதற்குப் பதில் வந்திருந்தது. ஒற்றை வேகத்தில் வைத்துக் கேட்டாள். "வா வா. முதல்ல வந்து உக்காரு, ஏதாவது சாப்பிடு, அப்புறம் பேசலாம்."

உட்காரக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். வாசலில், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, 'அக்கறை இல்லை' என்ற அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு, டீச்சர் பதில் சொல்லும்வரை, எவ்வளவு நேரமானாலும், அங்கேயே நிற்க வேண்டும்.

பஸ் வந்தது. ஏறினாள்.