தூக்கிய கை

பீர் காய்ச்சுகிறவனுக்குக் கால்பந்தில் என்ன வேலை என்று லாக்லனுக்கு ஜூலையிலிருந்தே வயிறு எரிந்தது. ஸ்காட்லாந்து முழுவதற்கும் ஒரு கோப்பையாம், பீர் கம்பெனி செலவில். அதில் அழைப்பு, போன பருவத்தில் அதிக கோல் போட்ட அணிகளுக்கு மட்டும். கில்பிரானக் அணி கோலாகப் போட்டுத் தள்ளியிருந்ததால், கிளாஸ்கோவின் பெரிய அணி இந்தத் துறைமுக ஊருக்கே ஆட வருகிறது. கோல் விழாமல் காத்த கோல்கீப்பர் லாக்லனின் உழைப்புக்கு அதில் சல்லிக்காசு மதிப்பில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆஃப்சைடு விதியிலும் கை வைத்துவிட்டார்கள். பெனால்டி கட்டத்தின் முன்கோட்டை இரண்டு பக்கமும் மைதான ஓரம்வரை இழுத்து, அதற்கு உள்ளே போனால்தான் ஆஃப்சைடு என்றார்கள். வெளியே நின்றால், எதிராளி நம் ஆட்களைத் தாண்டி ஹாயாகப் பந்துக்குக் காத்திருக்கலாம். எவனும் விசில் ஊதமாட்டான்.

கில்பிரானக்கின் தடுப்பாட்டமே ஆஃப்சைடை நம்பித்தான் ஓடியது. எல்லோரும் சேர்ந்து முன்னே ஓரடி வைப்பார்கள்; எதிராளி அவர்களுக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான். நடுவில் நிற்கும் டூகல் ஆஃப்சைடு கேட்டுக் கையைத் தூக்குவான். கோட்டோர நடுவர் கொடியைத் தூக்குவார். டூகல், லாக்லனின் தங்கை மோரக்கின் புருஷன். புது விதிக்கான பயிற்சியிலும் அவன் கை தானாக மேலே போனது. பயிற்சியாளர் ரிட்சி பழைய காலுறையால் அவன் மணிக்கட்டுகளைக் கட்டிக்கூடப் பார்த்தார்.

ஆட்டத்தன்று உடைமாற்றும் அறையில் லாக்லன் வெடித்தான். "இவன் கையத் தூக்கிட்டு சிலை மாதிரி நிப்பான், கோல் வாங்கி ஊர்ல அசிங்கப்படுறது நானா? இன்னைக்குக் கை தூக்குறவன் இனிமே டீம்ல இருக்கக் கூடாது. சொல்லுங்க ரிட்சி!"

"சரிப்பா. தூக்குறவனுக்கு இந்த சீசன் பூரா சட்டை கெடையாது. போதுமா?"

"மச்சான், உங்க தங்கச்சி புருஷன் பொழப்புல மண்ணப் போடுறீங்களே," என்றான் டூகல்.

"மாப்ளையாவது மண்ணாங்கட்டியாவது! கைய அடக்குடா."

முப்பத்தைந்து வயதைத் தொடும் இருவருக்கும் ஒருமுறை சட்டை போனால் போனதுதான். டூகல் அரைக்கால்சட்டை இடுப்புக்குள் இரண்டு கைகளின் விரல்களையும் செருகிக்கொண்டு ஆடினான். "நாடா அவுந்துபோச்சாடா?" என்று வேடிக்கை பார்க்க வந்து கறி அடைத்த அப்பம் தின்றுகொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். அவன் விரலை எடுக்கவில்லை. பெரிய அணி முட்டி மோதியும் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்றே நின்றது.

ஆட்டம் முடியப்போகும் நேரம். உயரமாக ஒரு பந்து வந்தது. கிளாஸ்கோக்காரன் ஒருவன் டூகலைத் தாண்டி, புதுக்கோட்டுக்கு வெளியே, தனியாக நின்றிருந்தான். அப்பட்டமாக, வெட்கமே இல்லாமல் நின்றிருந்தான். லாக்லனுக்கு ரத்தம் கொதித்தது.

"ஆஃப்சைடு! ரெஃப்ரீ, கண்ணு அவிஞ்சுபோச்சா? ஆஃப்சைடு!"

கொடி எழவில்லை. விசில் இல்லை. கிளாஸ்கோக்காரன் பந்தை நிறுத்தி, லாக்லனைச் சுற்றிக்கொண்டு போய், காலி வலையில் மெதுவாக உருட்டிவிட்டான்.

லாக்லன் வெறியோடு திரும்பினான். இத்தனை நாள் சேர்த்துவைத்த வசவெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. "டேய், சொன்னேன்ல..."

டூகல் ஓடிவந்து நின்று மூச்சு வாங்கினான். அவன் விரல்கள் இன்னும் இடுப்புக்குள்தான் இருந்தன. முதன்முறையாக ஒரு கையை வெளியே எடுத்து, தலைக்கு மேலே தூக்கியபடி நின்ற லாக்லனின் கையைப் பிடித்தான்.

"கீழ போடுங்க மச்சான். ரிட்சி பாக்குறாரு."