அனைத்தும் சம்மதம்

என் நூலகத்தில் புத்தகத்தில் கிறுக்குகிறவர்களை நான் சும்மா விட்டதில்லை. எஸ்கில் லம்பேலாவை மட்டும் விட்டேன். சுவீடனின் வடக்கே தோர்னே ஆற்றங்கரை ஊர்களில் எந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதிய புத்தகத்தில்தான் அவர் கிறுக்குவார். எங்களிடம் ஒரே பிரதி. தினமும் பத்து மணிக்கு வந்து, பக்க ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் திருத்துவார்: இவர் செத்தார், அந்த வீடு கைமாறியது, இந்தத் தேதி தப்பு. இலையுதிர்காலத்தில் நகராட்சி இரண்டாம் பதிப்பு போடுவதாக இருந்தது. அந்தப் பென்சில் எழுத்தைத் தவிர வேறு கைப்பிரதி கிடையாது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்களேன், எஸ்கில்."

"வீட்ல அடுப்பு இருக்கு, பூனை இருக்கு. இங்கதாம்மா பத்திரம்."

இங்கேயே உட்கார்ந்து படித்த புத்தகத்தை அடுக்கில் வைக்குமுன் ஸ்கேன் கருவியில் காட்ட வேண்டும். உபயோகத்தில் இருக்கிறது என்று அது குறித்துக்கொள்ளும். எஸ்கிலின் புத்தகத்தை நான் ஒருநாளும் காட்டியதில்லை, கையோடு கொண்டுபோய் வைத்துவிடுவேன். ஒரு மனுஷன் படித்ததையெல்லாம் மெஷினிடம் எதற்கு ஒப்பிக்க வேண்டும் என்ற திமிர்தான்.

போன வருஷம் மாகாண அலுவலகம் புது மென்பொருள் வாங்கியது. இரண்டு வருஷம் யாரும் தொட்டதாகக் கருவியில் பதிவாகாத புத்தகங்களை, கழித்துவிடச் சொல்லி அது பொறுக்கித் தரும். "எங்க ஊருக்கு எந்தப் புத்தகம் வேணும்னு அந்த டப்பாவுக்கு என்ன தெரியும்?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டேன். கைதட்டினார்கள். செய்தித்தாளில்கூட வந்தது.

ஜூலையில் நூலகம் ஒரு மாதம் மூடுவதற்கு முந்தின நாள் பட்டியல் வந்தது, நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். வாசலில் என் கணவர் காரில் படகைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். முதல் இருபதைப் பார்த்தேன், எல்லாம் பழைய கணினிக் கையேடுகள். 'அனைத்தும் சம்மதம்' என்பதை அழுத்திவிட்டுக் கிளம்பினேன்.

ஆகஸ்டில் வந்து பார்த்தால் எஸ்கிலின் புத்தகம் இருந்த இடம் காலி. மாகாண அலுவலகத்துக்கு போன் செய்தேன்.

"காகிதக் கூழாக்கியாச்சு, குன்வோர். நீங்கதானே சம்மதம் கொடுத்தீங்க?" என்றான் அங்கே வேலை பார்க்கும் சிக்வார்ட். "தலைநகர்ல ஒரு பிரதி இருக்கு, ஸ்கேன் பண்ணி அனுப்பறேன். புத்தம் புதுசா இருக்கு, ஒரு கிறுக்கல் கிடையாது."

பத்து மணிக்கு எஸ்கில் வந்தார்.

"எங்கம்மா அது?"

"அந்தப் புது மென்பொருள் தூக்கிருச்சு," என்றேன். "கூழாக்கிட்டாங்க."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பதினோரு வருஷ வேலைம்மா," என்றார். "நீ என்ன பண்ணுவ பாவம். நீ ஒருத்திதான் அவனுங்களை எதிர்த்துக் கேட்ட."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். சீ, என்ன பிழைப்பு.

அங்கேயே உட்கார்ந்து மாகாண அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பாதிக் கடிதம் என்னைப் புகழ்ந்துதான். தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்.

நான் சேர்க்கவில்லை. சேர்த்தால், பட்டனை அழுத்தியது யார் என்று பதிலில் வந்துவிடுமே.

இப்போதும் பத்து மணிக்கு வருகிறார். "பதில் வந்துச்சாம்மா?"

"அவனுங்க எங்க பதில் போடப்போறானுங்க, எஸ்கில்," என்கிறேன்.