ஞாயிறு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை

சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்று அந்த வருஷம், 1977-இல், 'முன்னுக்கு வந்தவர்கள்' என்று ஒரு பகுதி போட்டுக்கொண்டிருந்தது. தொழிலில் ஜெயித்தவர்களுக்குப் பத்துக் கேள்விகளைத் தபாலில் அனுப்புவார்கள். பதிலோடு ஒரு போட்டோவும் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். முந்தின வாரம் ஒரு டாக்டர் ரோஜாச் செடிகளுக்கு நடுவில் நின்று பல்லைக் காட்டியிருந்தார். அதற்கு முந்தின வாரம் ஒரு மில் முதலாளி வீணையோடு. இந்த முறை தபால் என் கணவர் கஸ்பாருக்கு வந்தது. மரக்காணத்தில் நாற்பது ஏக்கர் உப்பளம், இரண்டு லாரி, மாதா கோயில் திருவிழாவில் முதல் வரிசை நாற்காலி. பத்திரிகைக்காரர்களுக்கு இது போதாதா?

அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நான் திண்டிவனத்துக் கன்னியாஸ்திரிகளிடம் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அதனால் கேள்வி வாசிப்பது நான், பதில் சொல்வது அவர், எழுதுவது நான் என்று ஏற்பாடு. ஒன்பது கேள்விகள் சுலபமாகத் தாண்டின. பத்தாவது, 'ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறீர்கள்?'

"எனக்கு ஏது ஓய்வு? ரோஜாச் செடின்னு எழுதிடு."

"நம்ம வீட்ல முருங்கை மரம்தான் இருக்குது."

"அப்ப முருங்கை மரம்னு எழுது."

நான் பேனாவை மூடி வைத்தேன். "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்குப் போயி ஆறு மணிக்கு வர்றீங்களே, அதை எழுதட்டுமா?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆறு வருஷமாக என் வயிற்றில் கிடந்த கேள்வி அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிச்சோறு சாப்பிட்டு ஊரே தூங்கும் நேரத்தில் அவர் சைக்கிளை எடுப்பார். கார் வாங்கலாம் என்று மற்றவர்கள் சொன்ன பிறகும் சைக்கிள்தான். திரும்பி வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு குளிப்பார். எங்கே போய்விட்டு வரும் ஆண்பிள்ளை வாசற்படி ஏறுமுன் குளிப்பான்? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். கேட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது முன்பின் தெரியாத ஒரு பத்திரிகைக்காரன் கேட்டுவிட்டான்.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பின கொஞ்ச நேரத்தில் குடையை விரித்துக்கொண்டு நானும் கிளம்பினேன். பங்குனி வெயில். எங்கள் உப்பளத்தைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, அனுமந்தைப் பக்கம் போகும் மண்பாதையில் சைக்கிள் தடம் தெரிந்தது. வேலிக்காத்தான் புதர் ஓரமாக ஒரு குடிசை. அதன் வாசலில் எங்கள் சைக்கிள். வந்த வழியே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

குடிசைக்குப் பின்னால் நாலைந்து உப்புப் பாத்திகள். அதில் ஒன்றுக்குள் என் கணவர் கோவணத்தோடு நின்று, நீளக் கம்பு போட்ட பலகையால் உப்பை வாரி வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம் என்று சொல்லித் தன் உப்பளத்துக்கே பூட்டுப் போடுகிற மனிதர், கூலிக்காரனைப் போல வியர்வை வழிய வாரிக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்து ஒரு பெண் இடது கையால் ஓலையை மடக்கி மடக்கித் தென்னங்கீற்று பின்னிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வேலம்மாள். இவருடைய பழைய கூட்டாளி தட்சணாமூர்த்தியின் மனைவி.

அந்தக் காலத்தில் இவரும் தட்சணாமூர்த்தியும் பக்கத்துப் பக்கத்தில் ஆளுக்கு இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்தார்கள். எழுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில் யாரும் எதிர்பார்க்காத மழை பெய்தது. தட்சணாமூர்த்தி குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரம் முழுக்கக் கரைந்துபோயிற்று. எங்களுடையது பிழைத்தது. அதற்கப்புறம் உப்பு விலை ஏறினதில்தான் நாங்கள் தலையெடுத்தோம். அந்த மனிதர் கடல் பழக்கமே இல்லாதவர்; வயிற்றுப் பாட்டுக்குக் கூலியாகக் கட்டுமரம் ஏறினார். மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது.

இவரும் வேலம்மாளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அவ்வளவுதான். நான் புதருக்குப் பின்னால் முள்ளில் சேலை கிழிய நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். இப்படிப்பட்ட மனிதரையா ஆறு வருஷம் சந்தேகப்பட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்று ராத்திரியே பத்தாவது கேள்விக்குப் பதில் எழுதினேன். 'ஞாயிறுதோறும், கணவனை இழந்த ஓர் ஏழைப் பெண்ணின் பாத்தியில் என் கையால் உப்பு வாரிக் கொடுக்கிறேன். பிறருக்கு உதவுவதே எனக்கு ஓய்வு.' இரண்டாவது வாக்கியம் என் சொந்தச் சரக்கு. அழகாக இருக்கிறது என்று இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். அவரிடம் கையெழுத்து வாங்கும்போது, "முருங்கை மரம்தானே?" என்றார். "ஆமா" என்றேன். படிக்காமல் போட்டார்.

சித்திரையில் பத்திரிகை வந்தது. எனக்கு முன்னால் பங்குச் சாமியார் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "நம்ம பங்குல இப்படி ஒரு மனுஷன்" என்று ஆரம்பித்து முழுவதையும் வாசித்தார். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. எனக்கு உச்சி குளிர்ந்தது. இவர் நற்கருணை வாங்காமல் எழுந்து போய்விட்டார்.

நான் வீட்டுக்கு ஓடி வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"யாரைக் கேட்டு எழுதின?"

"நல்லதைத்தானே எழுதினேன்?"

"என்ன நல்லது? என்ன நல்லதைக் கண்ட நீ?" அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. பிறகு குரல் உள்ளே போய்விட்டது. "அந்த மழை வந்த அன்னைக்கு என்கிட்ட பாதி அம்பாரத்தை மூடத்தான் கீத்து இருந்துச்சு. தட்சணா திண்டிவனம் போயிருந்தான். அவன் அம்பாரத்துல போட்டிருந்த கீத்தை உருவி என்னுதுல போட்டேன், மேரி. மழை நின்னதும் திருப்பிப் போட்டுடலாம்னு நெனச்சேன். மழை நிக்கல. வந்து பார்த்துட்டு, காத்து அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சுபோலன்னு சொன்னான். ஆமாப்பான்னு சொல்லிட்டேன்."

இந்த வீடு, லாரி, என் கழுத்துச் சங்கிலி எல்லாம் அந்தக் கீற்றுக்கடியில் நனையாமல் இருந்த உப்பு. அதை நான் 'உதவி' என்று எழுதி ஊர் பூராவும் படிக்க வைத்துவிட்டேன். அவர் மேல் கோபம் வந்தது. என் மேல் அதைவிடக் கோபம் வந்தது.

அன்று மதியம் அவர் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை.

அதற்கடுத்த வாரம், நடுப்பகலில் வேலம்மாள் வந்தாள். கிழித்தெடுத்த பத்திரிகைப் பக்கம் நாலாக மடித்துக் கையில் இருந்தது. இவர் உள்ளறையில் இருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ரெண்டு வாரமா வரல. பாத்தியில உப்பு பாறையா இறுகிக் கெடக்குது. என்னன்னு பார்த்தா, பக்கத்து வீட்டுப் பொண்ணு இதைப் படிச்சுக் காட்டிச்சு. ஏழைப் பொம்பளைக்கு உதவியாமே?"

"வேலம்மா, அதை எழுதினது நான். அவரில்ல. அவர் உன்கிட்ட..." எப்படிச் சொல்வது? அது அவர் வாயால் வர வேண்டிய வார்த்தை.

"கீத்தைப் பத்தித்தானே?" என்றாள் அவள்.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது.

"அந்தக் கீத்து மொத்தமும் நான் பின்னினது. நான் பீச்சாங்கைக்காரி. என் பின்னல் மத்தவங்களுக்கு எதிர்ப்பக்கமா ஓடும். மழை விட்டதும் உங்க அம்பாரத்து மேல பார்த்தேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். 'கஸ்பார் அப்படிப்பட்ட ஆளு இல்ல, வாயை மூடு'ன்னு என்னை அடிக்க வந்தாரு. அவர் செத்துப்போன மறுவாரம் இவரு வந்து பேசாம பலகையை எடுத்தாரு. நானும் பேசல. என்னைக்காச்சும் ஒருநாள் வாயைத் தொறந்து சொல்லுவாரு, அன்னைக்கு எல்லாத்தையும் உட்டுடலாம்னு இருந்தேன். ஆறு வருஷம்."

காகிதத்தை மேஜை மேல் வைத்தாள்.

"உதவின்னா எனக்கு வேணாம். இனிமே வர வேணாம்னு சொல்லிடுங்க, மொதலாளியம்மா."

நாங்கள் பெரிய வீடு கட்டின பிறகும் என்னை "அக்கா" என்றே கூப்பிட்டு வந்தவள் அவள். படியிறங்கிப் போகும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

உள்ளே போனேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இப்பவே போயி சொல்லுங்க."

"அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. இனி என்னத்தைச் சொல்றது?"

"தெரிஞ்சது வேற. நீங்க சொல்றது வேற. அதுக்குத்தான் அவ காத்துக்கிட்டு இருந்தா."

"போறேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை போறேன்."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் இரண்டு மணிக்கு எழுந்தார். சைக்கிளைத் துடைத்தார். வாசல் கதவு வரை தள்ளிக்கொண்டு போனார். அங்கேயே ஹேண்டில்பாரைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். நான் ஜன்னலில் நின்று, போங்க, போங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். தெருவில் போன ஒருவர், "என்ன கஸ்பார், உதவிக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். இவர் சைக்கிளைத் திருப்பி நிறுத்திவிட்டு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தார்.

நாலு மணிக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தேன். குடிக்கவில்லை. மாதா கோயில் மணி ஆறு அடித்ததும் எழுந்தார். எங்கும் போகாத மனிதர், நேராகக் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கித் தலையோடு குளிக்க ஆரம்பித்தார்.