பதிவறைப் பூட்டு

இப்போதெல்லாம் யாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஒன்று கேட்டால், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தபடி விரலால் சுவரைக் காட்டுகிறார்கள். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அது வேறொரு சுவரைப் பார்க்கச் சொல்லும். நான் நாற்பத்தைந்து வருஷமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். என்னிடம் வந்தவனைப் பார்த்து, 'உன் பூட்டு இன்னும் முழுசாகக் கெடவில்லை, ஒன்பது மாதம் கழித்து வா' என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மனநல மருத்துவமனையில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

என் மூத்தவனுக்காகப் போயிருந்தேன். கட்டட வேலையில் உயரமான கிரேன் ஓட்டுகிறவன் அவன். முதலில் தூக்கம் போனது, பிறகு பசி, கடைசியில் பேச்சு. ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அப்பா, மேல உக்காந்திருக்கும்போது தரை என்னைக் கூப்பிடுது." அந்தச் செருப்பைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினேன். அந்த லீவு முடிந்து ஒரு திங்கட்கிழமை அவன் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் ஒரு டாக்டர் அவனைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் நாள் போனபோது கையில் ஒரு படிவத்தைத் திணித்தார்கள். பையன் தலையைத் தொங்கப்போட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்து நிரப்பினேன். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றும் கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று. தூக்கம் வரவில்லையா, பசிக்கவில்லையா என்று தொடங்கி, உயிரோடு இருக்க வேண்டாமென்று தோன்றுகிறதா என்பது வரைக்கும் கேட்டிருந்தார்கள். இந்த மாதிரிக் காகிதம் முதலாளி கைக்குப் போய் ஒருத்தனுக்கு வேலை போனதாக என் மச்சினன் சொல்லியிருந்தான். எழுத்தில் கொடுத்து மாட்டிக்கொள்ள நான் என்ன முட்டாளா? ஒன்பதுக்கும் 'இல்லவே இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். டாக்டரிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து போனில் செய்தி வந்தது. ஒன்பது மாதம் கழித்து வரச் சொல்லி.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். பதிவு அதிகாரியம்மா குனிந்த தலை நிமிராமல், "அவசரக் கேஸ் இல்லைன்னு வந்திருக்கு பெரியவரே. வரிசைப்படிதான்" என்றார்.

"அம்மா, என் பையன் என்ன சொன்னான்னா..."

"அதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"டாக்டரைப் பாக்கத்தானேம்மா இங்க நிக்கிறேன்?"

"அடுத்தவங்க" என்றார்.

என்னைத் தாண்டி, என் தோளுக்கு மேலே பார்த்துச் சொன்னார். அன்றைக்கு ராத்திரியிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த 'அடுத்தவங்க'வை அந்த அம்மாவுக்கே திருப்பிக் கொடுக்க ஒரு நாள் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று நினைப்பேன்.

கிடைத்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மருத்துவமனை வாட்ச்மேன் என் கடைக்கு ஓடிவந்தான். எல்லோரும் அவனை 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள், பேசும்போது முன்பல் சந்தில் காற்று போவதால்.

"பெரியவரே, சாமானை எடுத்துட்டு வாங்க! பதிவு மேடம் பதிவறைக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. பூட்டு சிக்கிக்கிச்சு. போனையும் மேசையிலயே வச்சிட்டுப் போயிட்டாங்க."

போனேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. உள்ளே ஒரு ஸ்பிரிங் நழுவியிருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை. சாமான் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

"யாரது? பூட்டுக்காரரா? சீக்கிரம் திறங்க, வேர்த்துக் கொட்டுது!"

"வரிசைப்படிதாம்மா" என்றேன்.

"என்னது?"

"கடந்த ரெண்டு வாரத்துல எத்தனை நாள் உள்ள மாட்டிக்கிட்டீங்க? இல்லவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல, தினமும். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"என்ன உளர்றீங்க? இன்னைக்குத்தான் மாட்டிக்கிட்டேன்!"

"ஒரே நாளா? அப்போ அவசரக் கேஸ் இல்லை. ஒன்பது மாசம் ஆகும்."

விசில் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். "ஐயோ, கேட்டிருக்கும். என் வேலைக்கு உலை வச்சிட்டீங்களே" என்று காதோடு சொன்னான். உள்ளே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், அந்தச் சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது.

"யாரு நீங்க?"

"கிரேன் ஓட்டுறவனோட அப்பன். நீங்க அடுத்தவங்கன்னு சொன்னீங்களே, அதுக்கு முந்தின ஆள்."

கதவுப் பக்கமாகக் குனிந்தேன்.

"ஃபைல் எல்லாம் உள்ளதானே இருக்கு? என் பையனோடதை எடுங்க. அவனுக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதின மகராசன் யாருன்னு பேரைப் படிங்க. அப்புறம் திறக்கிறேன்." பதிவு எண்ணைச் சொன்னேன். அது எனக்கு மனப்பாடம்.

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அதிகாரியம்மா படிக்கத் தொடங்கினார்.

"தூக்கம் வராமை, இல்லவே இல்லை. பசியின்மை, இல்லவே இல்லை. உயிரோட இருக்க வேண்டாம்ங்கிற எண்ணம், இல்லவே இல்லை. மொத்த மதிப்பெண் பூஜ்ஜியம். மதிப்பெண்ணை வச்சுத்தான் வரிசை போடுறோம். பூஜ்ஜியம்னா கடைசி." மறுபடியும் தாள் புரண்டது. "நிரப்பியவர், தந்தை. கீழ கையெழுத்து இருக்கு, பெரியவரே. உங்களோடதுதான்."

விசில் என்னைப் பார்த்தான். நான் ஸ்குரூ டிரைவரைப் பார்த்தேன்.

"அதையெல்லாம் கூட்டுவீங்கன்னு எனக்கு யாரு சொன்னா?"

"படிவத்துலயே போட்டிருக்கு."

"அந்தப் பொடி எழுத்தை எறும்புதான் படிக்கணும்."

"ஏன் பொய்யா எழுதினீங்க?"

"உண்மையை எழுதினா வேலை போயிடும்ல?"

"இந்தத் தாள் கம்பெனிக்குப் போகவே போகாது."

"அதை அன்னைக்கு எவராவது சொன்னீங்களா?" என் குரல் உயர்ந்துவிட்டது. "சரி, நான் பொய் எழுதினேன். நிஜத்தைச் சொல்ல வந்து நின்னேனே, அப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

உள்ளே ஃபைலை மூடும் சத்தம் கேட்டது.

"அடுத்தவங்கன்னு சொன்னேன்" என்றார்.

பழி தீர்ந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. இரண்டு வாரமாக அந்த அம்மாவைத் திட்டிய வார்த்தையெல்லாம் பாதி வழியில் திரும்பி என் பக்கம் வருவது போல இருந்தது. நான் அதை நம்பவில்லை. இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை.

"இப்பக் கேக்கிறேன்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "கடைசிக் கேள்வி. உங்க பையனுக்கு எத்தனை நாள்?"

வீட்டில்கூட யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஒரு மரக்கதவைப் பார்த்துச் சொன்னேன்.

"தினமும். தரை கூப்பிடுதுன்னு சொன்னான். திங்கட்கிழமை மறுபடியும் மேல ஏறணும்."

விசில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

எழுந்து பூட்டைத் திறந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதிகாரியம்மா ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை, புடவையில் தூசி.

"உங்க மேல புகார் கொடுக்கலாம், தெரியுமா?"

"கொடுங்க. வாயால சொல்லாதீங்க, எழுத்துல கொடுங்க."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மேசைக்குப் போய், நின்றபடியே ஒரு சீட்டு எழுதினார்.

"இன்னைக்கு மூணு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. அவசர டாக்டர் பாப்பார். அதுவரைக்கும் பையனைத் தனியா விடாதீங்க. லீவுச் சீட்டும் அவரே தருவார், அதுல நோய்ப் பேரு இருக்காது."

"முத்திரை?"

குத்தினார்.

"தேதி?"

எழுதினார். "நம்புங்க ஐயா."

இத்தனை நாள் பெரியவராக இருந்தவன் இப்போது ஐயா ஆகிவிட்டேன். சீட்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த முறை ஓரத்திலிருந்த பொடி எழுத்தையும் விடவில்லை.

"மேடம் சொன்னா சொன்னதுதான் பெரியவரே" என்று விசில் வாசல்வரை கூடவே வந்தான்.

"முதல்ல டாக்டர் நாற்காலியில உக்காரட்டும், அப்புறம் பாக்கலாம். பையனைக் கூட்டிட்டு வரும்போது இந்தப் பெட்டியும் கூட வரும், திறந்தவனுக்குப் பூட்டவும் தெரியும்னு உங்க மேடத்துக்கிட்ட சொல்லிவை."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தேன்.