கரையின் உள்பக்கம்

வலது கால் தொடைவரை சேற்றுக்குள் இருக்கிறது, அது என் கால்தானா என்று இப்போது சொல்ல முடியவில்லை, கீழே எங்கேயோ ஐந்து விரல்கள் இருக்கின்றன, குளிர்ந்துபோய், வேறு யாருடையவோ போல, இடது முழங்காலை மடித்துக் கரைமேல் சாய்ந்திருக்கிறேன், கையில் மண்வெட்டி, பல்லில் இறால் போடும் ஓலைப்பறி, தலைக்கு நேரே வெயில், ஆடாம நில்லு புள்ள என்கிறார் என் வீட்டுக்காரர், அவர் இங்கே இல்லை, கரையின் அந்தக் கோடியில் இறால் பண்ணைக் கொட்டகையில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருப்பார், ஆனாலும் சொல்கிறார், கல்யாணமாகி வந்த வருஷம் இந்த அலையாத்திக் காட்டு ஓடையில் முதன்முதலாக இறங்கி நான் மாட்டிக்கொண்டபோது கேட்ட அதே குரல், சேறு புடிச்சா ஆடக் கூடாது, ஆட ஆட உள்ள இழுக்கும், ஆடாம நில்லு, நான் வரேன், வந்தார், இரண்டு அக்குளிலும் கைகொடுத்து உருவி எடுத்தார், சேறும் பீடியும் கலந்த வாசனை, பக்கிரி, வாய்விட்டுச் சொல்லாத அவர் பெயர், மனசுக்குள் சொல்லிக்கொள்ள யாரைக் கேட்க வேண்டும். பிறகு எதற்கெடுத்தாலும் அதையே சொன்னார், மாமியார் ஏசியபோது, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று நான் அழுதபோது, டவுனில் தையல் வேலை இருக்கிறதாம் போகட்டுமா என்று கேட்டபோது, எல்லாம் சரியாப் போவும், ஆடாம நில்லு புள்ள, நின்றேன், நின்றுகொண்டே இருக்கிறேன்.

ஓடைக்குள் இருக்கும்போது மட்டும்தான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, வேர்களுக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவி இறாலைப் பிடிப்போம், கை இரண்டும் வேலையாக இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வோம், பல்லில் பறி இருக்கிறவளிடம் யார் என்ன கேட்க முடியும், கூட வரும் பக்கத்து வீட்டுத் தையலக்கா மட்டும் பறியோடேயே பேசுவாள், ம்ம், ம்ம்ம் என்று நீட்டி முழக்கி, கரையேறியதும் பறியை எடுத்துவிட்டுச் சொல்வாள், ஏண்டி, இவ்வளவு நேரமும் உம் மாமியாளத்தான் வஞ்சுகிட்டு வந்தேன், நீ பாட்டுக்கு ஆமா ஆமான்னு தலைய ஆட்டுற. சிரித்துச் சிரித்து மறுபடி தண்ணீரில் விழுவோம், மேலே இலைகள் மூடியிருக்கும், வெயில் காசு காசாகச் சிந்தும், அது கனவா, இல்லை, காடு இருந்தது, புயல் வந்து காடு நின்ற சேற்றுத் திடல் முழுவதையும் முறித்துப் போட்டது, வேர் போனதும் இறால் போனது, என் ஓடையும் போய்விட்டது, நான் வீட்டுக்குள் உட்கார்ந்தேன், வாய் சும்மாதான் இருந்தது, அதில் பேச்சுதான் இல்லை.

அதனால்தான் விதைத்தோம், நானும் தையலக்காவும் தெருப்பெண்களும், அவரைக்கொட்டை போன்ற அலையாத்தி விதைகளைப் பொறுக்கிவந்து திடல் முழுக்க ஊன்றினோம், கடல் ஏறி வந்து ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு போனது, சோறு இறங்காமல் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார், ஓடை திடலுக்குள் திரும்புகிற வாயில் மண்மூட்டை அடுக்கினார், மேலே களிமண் அப்பினார், உள்ளங்கை தோலுரிய ஒற்றை ஆளாய் ஒரு கரை கட்டி முடித்தார், இனிமே அலை உம் புள்ளைங்களத் தொடாது, போயி ஊனு போ என்றார், எங்களுக்குப் பிள்ளை இல்லை, உம் புள்ளைங்க என்று அவர் அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னார், மறுபடி ஊன்றினோம், அந்த மழைக்கு எல்லாம் துளிர்த்தன, அவர் கரைமேல் நின்று, பாத்தியா, நம்ம கரை என்றார். பண்ணை முதலாளியும் பார்த்தார், இறால் குட்டைக்குத் தீவன மூட்டை கொண்டுபோக டிராக்டருக்கு வழி தேடிக்கொண்டிருந்தவர், கரையைச் செம்மண் போட்டு அகலப்படுத்தி ரோடாக்கினார், கட்டியவரையே அதற்குக் காவலாளியாகவும் வைத்துக்கொண்டார்.

அடுத்த வெயிலுக்குத்தான் தெரிந்தது, உள்ளே நின்ற தண்ணீர் போக வழியில்லை, புதுத்தண்ணீர் வர வழியில்லை, நின்ற இடத்திலேயே வற்றி வற்றி உப்பானது, திடல் வெள்ளை பூத்தது, முழங்கால் உயரக் கன்றுகள் மஞ்சளாயின, மண்ணிலிருந்து விரல் விரலாக நீட்டி மூச்சுவிடும் வேர்கள் கறுத்து அழுகின, எனக்கு ராத்திரி மூச்சு முட்டுகிறது, கனவில் கதவைத் திறந்தால் கதவுக்கு அந்தப்பக்கம் இன்னொரு கதவு, அதற்கும் அப்பால் செம்மண் கரை, அதன்மேல் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எப்படிச் சொல்வேன், வெயில்ல வாடுது, மழை வந்தாத் தெளிஞ்சுக்கும் என்கிறார், உங்கள் கரைதான் கொல்கிறது என்று அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன். தையலக்கா விடவில்லை, மூணு பங்குல ஒரு பங்கு பட்டுப்போச்சுடி, இந்த வெயிலத் தாண்டாது, கரைய வெட்டி விட்டாத்தான் பொழைக்கும். வெட்டினா அவரு வேல போயிடும்க்கா. அப்ப காவக்காரன் பொண்டாட்டியா ஊட்டுலயே இரு, கன்னு செத்தா வெறகு ஆவும், நல்லாச் சமையி.

இன்று பௌர்ணமி, கடல் நன்றாக ஏறி வருகிற நாள், இறாலுக்குப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன், இல்லாத இறாலுக்குப் பறியைக் கவ்விக்கொண்டு, கரையின் உள்பக்கம் இறங்கி வெட்டினேன், செம்மண் கழன்றது, பழைய மூட்டைகள் தெரிந்தன, அவர் போட்ட முடிச்சு ஒவ்வொன்றும் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் உப்புப் பொருக்கு உடைந்து கால் இறங்கியது, இழுத்தேன், இன்னும் இறங்கியது, இப்போது இன்னும் ஒரே ஒரு மூட்டை பாக்கி, அதற்கு அந்தப்பக்கம் கடல் ஏறி நிற்கிறது, இதை வெட்டினால் தண்ணீர் என்மேல்தான் வரும், வெட்டாவிட்டால் இப்படியே நிற்கலாம், ஆடாமல், நல்ல பெண்டாட்டியாக, மண்வெட்டியை ஓங்கினேனா, ஓங்குகிறேன், மூட்டை கிழிகிறது, மணல் சரிகிறது, தண்ணீர் இடுப்பில் மோதி என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடுகிறது.

என்ன புள்ள பண்ணுற. நிஜமாகவே அவர், கரைமேல், துண்டு நழுவ ஓடிவந்து நிற்கிறார், என் பல்லில் பறி, பதில் சொல்ல வேண்டாம், எத்தனை வருஷம் இதற்குள் ஒளிந்திருந்தேன், வாயைத் திறக்கிறேன், பறி விழுந்து தண்ணீரோடு கன்றுகளைப் பார்த்துப் போகிறது, நீங்க கட்டுன கரைதாங்க கொல்லுது, அதுங்கள, என்னயும். அவர் கரை பிளந்த வெட்டுவாயைப் பார்க்கிறார், மஞ்சள் கன்றுகளைப் பார்க்கிறார், தன் கையைப் பார்க்கிறார், பின்னால் டிராக்டர் வந்து உறுமி நிற்கிறது, டிரைவர் கத்துகிறான், யாருண்ணே கரைய வெட்டுனது, மொதலாளிக்கு என்ன பதில் சொல்றது. கட்டுனவனே வெட்டிட்டான்னு போயிச் சொல்லு, வண்டியத் திருப்பு என்கிறார், திரும்பிப் பார்க்காமல், தண்ணீர் என் மார்புக்கு வந்துவிட்டது, கை கொடுப்பார் என்று பார்க்கிறேன், அவர் வெட்டுவாயின் அந்தப்பக்கம் குந்திக்கொள்கிறார், எட்டாத தூரம், ஆட்டு புள்ள, தண்ணி வந்துருச்சுல்ல, சேறு எளகும், கால ஆட்டு, ஆட்டு என்கிறார், இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை, ஆட்டுகிறேன், கீழே, குளிருக்குள், யாருடையவோ போலிருந்த ஐந்து விரல்களில் ஒன்று அசைகிறது, அது என் விரல்தான்.