பரவாயில்லைக்கு எத்தனை மார்க்?

திரையில் அந்தக் கோடு படுத்துக் கிடந்தது. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ஆறு மாதம் கழித்துப் போனில் கூப்பிட்டு, வலி எப்படி, நடை எப்படி என்று விசாரித்து, அவர்கள் சொல்வதை மார்க்காக்கி, மூன்று மாதத்துக்கு ஒரு புள்ளி வைத்து இழுக்கிற கோடு. இரண்டு வருடமாக மேலேயே நடந்து வந்தது, இந்த முறை படியில் வழுக்கியதுபோல் ஒரேயடியாகக் கீழே வந்திருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தால் கோடு ஏறிவிடுமா என்ன?

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், லிஃப்ட் மோட்டார் ஓடுகிற அறைக்குப் பக்கத்தில் இருந்தது தரப் பிரிவு. மற்றவர்கள் அதற்கு வைத்த பெயர் தராத பிரிவு. நல்ல நாற்காலி தரமாட்டார்கள், ஜன்னல் தரமாட்டார்கள், கேட்ட விவரத்தையும் நேரத்துக்குத் தரமாட்டார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வருடக்கணக்காகக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குவதால் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் 'கேள்வி அக்கா'. கூட இருப்பவள் 'புதுசு'. வேலைக்கு வந்து மூன்று வருடமாகி, கல்யாணமும் முடிந்து, ஒரு குழந்தையும் பெற்றுக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். பெயர் மட்டும் பழசாகவில்லை. போன் பண்ணுகிற வேலையைக் கேள்வி அக்கா இந்த மூன்று மாதமாகத்தான் அவளிடம் விட்டிருந்தாள். அம்மாவை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று கூட்டிக்கொண்டு அலைய வேண்டியிருந்ததே, என்ன செய்வது?

வேறு எந்தப் பிரிவின் கோடு விழுந்திருந்தாலும் அறிக்கை எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள். ஆனால் வருகிற திங்கட்கிழமை காலையில், இதே பிரிவில், இதே டாக்டரின் கையில் அவளுடைய அம்மாவுக்கு ஆபரேஷன். அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சுவரைப் பிடித்து, கட்டிலைப் பிடித்து, ஃபிரிட்ஜைப் பிடித்து என்று வீட்டையே கைப்பிடியாக்கிக்கொண்டு நடந்தாளே தவிர, வலிக்கிறது என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. கேட்டால் "பரவாயில்லடி." இன்னும் கேட்டால் "அதான் பரவாயில்லங்கறேன்ல!" கடைசியில் குளியலறையில் விழப்போய்க் கதவைப் பிடித்துத் தப்பிய அன்றுதான் சரி என்றாள். இப்போது பை கட்டி வாசலருகே வைத்துவிட்டாள். இந்த நேரத்தில் போய், கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று வாய் தவறிக் கேட்டால் போச்சு. சாக்குக் கிடைத்ததென்று பையைப் பிரித்துவிடுவாள். மறுபடி கட்ட வைக்க யாரால் முடியும்? தள்ளிப் போடாமல் விட்டாலோ, விழுந்து கிடக்கிற இந்தக் கோட்டைத் தெரிந்துகொண்டே பெற்றவளை மேசையில் ஏற்றுகிற மாதிரி ஆகும்.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் குட்டி டாக்டர். ஆபரேஷன் மேசைக்குப் பக்கத்தில் பலகை போட்டு ஏறி நின்று இடுப்பை மாற்றுகிறவர். உயரம்தான் குட்டி, குரல் அடுத்த மாடி வரைக்கும் போகும்.

"என் கோடு விழுந்துடுச்சாமே?"

"வெள்ளிக்கிழமை மீட்டிங்ல வைக்கணும் டாக்டர்."

"வைங்க. மறைக்கச் சொல்ல வரல. வைக்கிற மூட்டு மாறல, முறை மாறல, அதே நர்ஸுங்க, அதே கை. அப்புறம் ஏன் விழுந்துதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன், ஒண்ணும் பிடிபடல. காரணம் தெரியற வரைக்கும் ஆபரேஷனை நிறுத்தி வைன்னு சொல்வாங்க. நிஜமாவே விழுந்திருந்தா நானே நிறுத்திடுவேன்." அவர் குரல் தணிந்தது. "உங்கம்மாவுக்கு திங்கட்கிழமை இல்ல? யோசிச்சுக்கோங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை. யோசிச்சுக்கோங்க என்றது அவளைப் பாடாய்ப் படுத்தியது.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள். கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கு இன்னிக்கு?"

"பரவாயில்லடி. நீ சாப்பிட்டியா?"

வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "ரொம்ப வலி போலிருக்கு. மாத்திரை போட்டாளான்னு கேக்க மறந்துட்டேன்."

புதுசு வாயில் வைக்கப்போன கவளத்தோடு நிமிர்ந்தாள். "பரவாயில்லன்னுதானேக்கா சொன்னாங்க?"

"எங்கம்மா பரவாயில்லன்னா உயிர் போற வலின்னு அர்த்தம். உனக்கு எங்க தெரியப் போகுது?"

"எங்க வீட்ல வேறக்கா. நான் தொண்ணூறு மார்க் வாங்கிட்டு வந்து நின்னா எங்கப்பா பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம 'பரவாயில்ல'ம்பார். அதுக்கு நாலு சாத்து சாத்தியிருக்கலாம்."

கேள்வி அக்கா சிரிக்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆபீஸ் கேள்விகளுக்கு ஐந்து பதில்கள் உண்டு. மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம். எங்கேயோ எழுதி யாரோ தமிழாக்கின பதில்கள். எந்த மனுஷனாவது போனில் "என் இடுப்பு மிக நன்று" என்று பேசுவானா? பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது ஒரே வார்த்தைதான்.

"ஏண்டி புதுசு, போன்ல பரவாயில்லன்னு சொன்னா நீ என்ன போடுவே?"

"சுமார்தான். வேற என்ன? நீங்க?"

"நன்று," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

வீட்டில் அம்மாவின் வாயிலிருந்து வந்தால் வலி என்று புரிந்துகொள்கிறவள், ஆபீசில் யார் யாருடைய அம்மாவோ அதையே சொன்னபோது நன்று என்று போட்டுவிட்டு அடுத்த நம்பரை அழுத்தியிருக்கிறாள். கோடு இரண்டு வருடம் மேலே நடந்தது அவள் போட்ட மார்க்கில். இப்போது விழுந்தது புதுசு போட்ட மார்க்கில். போனுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நிஜத்தில் எப்படி இருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. புதுசு டிபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

"எல்லாருக்கும் திரும்பப் போன் போடலாமாக்கா?"

"போடலாம். ஆனா நான் கேக்கறேன், மார்க்கு நீ போடு. எனக்கு இப்ப எல்லாரும் நல்லா இருக்கணும்னு ஆசை. ஆசையை வெச்சுக்கிட்டு மார்க்கு போட்டா விளங்கிடும்."

எப்படி இருக்கு என்று இனிமேல் கேட்பதில்லை என்று முடிவு செய்தார்கள். என்ன செய்ய முடிகிறது என்று கேட்க வேண்டும். முதல் போன் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவருக்கு. ஸ்பீக்கரில் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"பரவாயில்லம்மா. போன வாரமும் ஒரு பொண்ணு கேட்டுச்சே."

"அதில்லீங்கய்யா. குனிஞ்சு செருப்பு மாட்ட முடியுதா?"

"செருப்பா? வீட்டு மேல தண்ணி டேங்க் அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, இப்பத்தான் ஏறிச் சரி பண்ணிட்டு இறங்கறேன்."

"ஐயையோ! டேங்க் மேல எல்லாம் யாருய்யா ஏறச் சொன்னது? நல்லா இருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லுவேன், அப்புறம் கண்ணு பட்டுச்சுன்னா? அப்ப நீங்களா வந்து பாப்பீங்க?"

புதுசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி மார்க் போட்டாள். அப்படியே ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தையல்கார அம்மா மறுபடி மெஷின் மிதிக்கிறாள். கடைக்காரர் ஒருவர் மனைவியை விட வேகமாக நடக்கிறாராம், மனைவியே போனைப் பிடுங்கிப் புகார் சொன்னாள். ஒவ்வொரு போனுக்கும் கேள்வி அக்காவின் நெஞ்சிலிருந்து ஒவ்வொரு கல்லாக இறங்கிக்கொண்டிருந்தது. இறங்க இறங்கப் பயமாகவும் இருந்தது. கேட்கிற குரலில் ஆசை தெரிந்துவிடக் கூடாதென்று வேண்டுமென்றே கடுகடுவென்று கேட்டாள்; ஒருத்தர், ஏம்மா, ஏதாவது தப்பு பண்ணிட்டேனா என்றுகூடக் கேட்டுவிட்டார்.

மறுநாள் மதியம் ஒரு டீச்சரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். பதவிசான குரல்.

"பரவாயில்லம்மா. உங்களுக்கெல்லாம் எதுக்கு சிரமம்?"

"படி ஏற முடியுதா டீச்சர்?"

"ஏறுறேம்மா."

"சாக்ஸ் போட முடியுதா?"

"அதெல்லாம் போட்டுக்கறேன்."

எல்லாம் நல்ல பதில்கள். புதுசின் பேனா நன்றின் மேலேயே நின்றது. இத்தோடு விட்டுவிடலாம், கேள்விகள் முடிந்துவிட்டன. ஆனால் அந்தப் பரவாயில்லையில் கேள்வி அக்காவுக்குத் தன் அம்மாவின் குரல் கேட்டது. 'நீ சாப்பிட்டியா?' என்று அடுத்துக் கேட்கப் போகிற குரல்.

"ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா டீச்சர்? புரண்டு படுக்க முடியுதா?"

டீச்சரின் குரல் தாழ்ந்தது. புதுசு ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"நான் நாற்காலியிலதாம்மா தூங்கறேன்."

"ஏன் டீச்சர்? வலிக்குதா?"

"வலி எல்லாம் இல்ல. டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸம்மா சொன்னாங்க, ஒருக்களிச்சுப் படுக்கக் கூடாதுன்னு. எனக்கு மல்லாந்து படுத்தாத் தூக்கம் வராது. தூக்கத்துல தெரியாமத் திரும்பிட்டேன்னா என்ன பண்றதுன்னு நாற்காலியிலயே உக்காந்துக்கறது."

"அது கொஞ்ச வாரத்துக்குத்தானே டீச்சர்! எப்பவோ முடிஞ்சு போச்சே."

"அப்படியா? எப்ப வரைக்கும்னு அவங்க சொல்லலியே. நானும் கேக்கல. பெரிய ஆபரேஷன் பண்ணி நடக்க வெச்சிருக்காங்க, இதுகூடப் பொறுத்துக்கலேன்னா எப்படின்னு..."

ஆறு மாதமாக ஒரு மனுஷி முதுகை நீட்டித் தூங்கவில்லை. கேள்வி அக்கா பழையபடி கேட்டிருந்தால் நன்று, புதுசு கேட்டிருந்தால் சுமார். அந்த அம்மா நாற்காலியிலேயே இருந்திருப்பார். போனைக் கையோடு எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடி, புறநோயாளிகள் அறையில் இருந்த குட்டி டாக்டர் கையில் கொடுத்தாள். டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"டீச்சர், நாளைக்குக் காலையில வாங்க, ஒரு தடவை பார்த்துடறேன். மூட்டு சரியா இருந்தா நாளைக்கே கட்டில்ல படுக்கலாம். என்ன? எங்க தப்பு டீச்சர். உங்க தப்பு இல்ல. நீங்க பரவாயில்லன்னு சொல்லாதீங்க, எனக்குக் கோவம் வரும்."

மறுநாள் பார்த்தார். மூட்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. டீச்சர் அங்கேயே பரிசோதனைக் கட்டிலில் பயந்து பயந்து ஒருக்களித்துப் படுத்துப் பார்த்து, "அம்மாடி!" என்றாராம். கேள்வி அக்கா அதைப் பார்க்கவில்லை. டாக்டர் சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில், திரும்பக் கேட்டுப் போட்ட மார்க்கில் இழுத்த கோட்டை வைத்தார்கள். படுத்துக் கிடந்தது எழுந்து நின்றது. பழைய உயரத்துக்குப் போகவில்லை. பழைய உயரமும் நிஜமில்லை என்று கேள்வி அக்கா வாய்விட்டே சொன்னாள். பெரிய டாக்டர், ஆபரேஷன்கள் நடக்கட்டும், ஆனால் இது கூடாது அது கூடாது என்று சொல்லி அனுப்பும்போது எந்தத் தேதி வரைக்கும் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள் என்றார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். புதுசு எங்கிருந்தோ இரண்டு டீ வாங்கி வந்தாள். தராத பிரிவுக்கு வாங்கித் தந்த டீ என்று இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிக் குடித்தார்கள்.

திங்கட்கிழமை அம்மா உள்ளே போனாள். போகும்போதும் "பரவாயில்லடி, நீ போய் வேலையைப் பாரு" என்றாள். வேலையைப் பார்த்த மாதிரிதான்! கேள்வி அக்கா ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடியதில், அது கையோடு வந்துவிட்டது. கதவு திறந்து குட்டி டாக்டர் தொப்பியைக் கழற்றியபடி வந்து, "நல்லாப் பண்ணியாச்சு. இது சுமாரும் இல்ல, பரவாயில்லையும் இல்ல. எழுதிக்கோங்க" என்றபோது அவள் அழுதுவிட்டாள்.

மறுநாள் வார்டில் அம்மாவை வாக்கர் பிடித்து நாலடி நடக்க வைத்துத் திரும்பப் படுக்க வைத்திருந்தார்கள். முகமெல்லாம் வேர்வை. கேள்வி அக்கா பக்கத்தில் போய் நின்று, ஆபீஸில் கேட்கக் கூடாது என்று தானே முடிவு செய்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"பரவா..." என்று ஆரம்பித்த அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, கண் நிறைந்துவிட்டது. "வலிக்குதுடி. ரொம்ப வலிக்குது."

"நர்ஸ்!" என்று அவள் கூப்பிட்ட குரலில் அடுத்த கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்தார். வந்த நர்ஸ், அம்மா வலியில் அழுவதையும் மகள் கன்னமெல்லாம் நனைந்து சிரித்துக்கொண்டிருப்பதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஊசி எடுக்கப் போனாள்.

டிஸ்சார்ஜ் அன்று குட்டி டாக்டர் தானே வந்து, ஒருக்களிக்கக் கூடாத கடைசித் தேதியைச் சொல்லி, அம்மாவையும் திரும்பச் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அம்மா அதை மூன்று தரம் ஒப்பித்தாள். அந்தத் தேதிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே கேள்வி அக்கா அம்மாவின் அறையை எட்டிப் பார்த்தாள். வாக்கர் சுவரோரம் நின்றது. இரண்டு முழங்காலுக்கு நடுவில் தலையணையை இடுக்கிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி, சுவர்ப்பக்கமாக ஒருக்களித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள் அம்மா.