விட்டுப்போன ‘ச’

அக்டோபர் முதல் தேதி காலை அச்சகத் தெரு வழியாக ஒரு குதிரைப்படை போயிற்று. பால் வாங்க நின்றவர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். படை போனதும் மறுபடி வரிசை கட்டினார்கள். யார் முன்னால் நின்றது என்பதில்தான் கொஞ்சம் தகராறு. பிறகு யாரோ காலண்டரில் அன்றைய தாளின் அடியில் ‘வரலாற்றில் இன்று’ என்ற பகுதியைப் பார்த்துவிட்டு, எந்த ராஜாவின் படை, எங்கே போகிறது என்று சொன்னார். எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அந்தக் காலண்டர் தெருமுனை அச்சகத்தில் அடித்தது. தெருவில் வீட்டுக்கு ஒன்று இலவசம். செப்டம்பர் வரை தாளின் அடியில் விஞ்ஞானிகளின் பிறந்தநாளும் பாலம் திறந்த நாளும்தான் இருந்தன, அவற்றால் யாருக்கும் தொந்தரவில்லை. அக்டோபரை எழுதிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். இடைக்காலம் என்றால் அவருக்கு உயிர். போர், உடன்படிக்கை, முடிசூட்டு விழா என்று மாதத்தை ரொப்பிவிட்டார். அவர் எழுதியதை வரலாறு அந்தத் தெருவில் ஒருநாள் விடாமல் நடத்தியது, வேண்டிய ஆட்களையும் தெருவிலிருந்தே பொருத்தம் பார்த்து எடுத்துக்கொண்டது. சாக்கடைத் தண்ணீருக்காக முகம் கொடுத்துப் பேசாமலிருந்த இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள், இரு அண்டை நாட்டு மன்னர்களாக உட்கார்ந்து அரக்கு முத்திரை வைத்து உடன்படிக்கை செய்தார்கள். இஸ்திரி போடும் அம்மாள் ஒருநாள் முழுக்கக் கிரீடத்தோடு இருந்தாள். அன்றைக்கு யாருக்கும் சட்டையைத் திருப்பிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒன்பதாம் தேதி வரைதான் சிரிப்பெல்லாம். அன்றைய தாளில் ஒரு தளபதி போரில் வீழ்ந்தார் என்று இருந்தது. அந்தத் தெருவில் குடியிருந்த வங்கிக் காவலாளி அப்போது விடுப்பில் வெளியூர் போயிருந்தார். ஆனாலும் மதியம் கவசத்தோடு தெருவில் நின்றார், சாயங்காலம் மார்பில் ஈட்டியோடு கிடந்தார். எழுப்பிப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. மறுநாள் ஒரு வீட்டில் பயந்துபோய் அன்றைய தாளைக் கிழிக்காமல் விட்டார்கள். அதற்கடுத்த நாள் இரண்டு நாள் போரும் சேர்ந்து அவர்கள் கூடத்திலேயே நடந்தன. அதன்பிறகு எல்லோரும் விடிந்ததும் முதல் வேலையாக அன்றைய தாளைக் கிழித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

அச்சகத்தில் புரூஃப் பார்த்தவளைத் தெருவே அண்ணி என்று கூப்பிட்டது. கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்ட பெயர். அந்தக் கொழுந்தன் இப்போது அவளிடமும் சரியாகப் பேசுவதில்லை. மாடியில் அண்ணியும் அவள் கணவன் வெல்டரும். கீழே எலக்ட்ரீஷியனான தம்பி. அவர்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனபோது தம்பி வேறொரு இடத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்தான். வெல்டர் நேரில் போகாமல் ஆளனுப்பிச் சொன்னான். அன்று சாத்திய கீழ்வீட்டுக் கதவு அண்ணனுக்குத் திறக்கவேயில்லை.

காவலாளியை அடக்கம் செய்த மறுநாள் அண்ணி மாதத்தின் மிச்சத் தாள்களைப் புரட்டினாள். இருபத்தேழில் கை நின்றுவிட்டது. ‘அரியணைக்காக அண்ணன் தம்பி இடையே சமரம். அன்று மாலை முடிசூட்டு விழா.’ அந்தத் தெருவில் அண்ணன் தம்பி என்று இருந்தது ஒரே ஒரு வீடுதான். சமரம் என்றால் போர். போர் என்றால் மாலையில் ஒருவன்தான் மிஞ்சுவான். உடனே வாத்தியாருக்குப் போன் போட்டாள்.

“நான் சமரசம்னுல்ல எழுதினேன்” என்றார் வாத்தியார். “ரெண்டு பேரும் ராசியாப் போனாங்கம்மா. நடுவுல ஒரு ‘ச’ விட்டுப்போச்சா?”

விட்டுப்போயிருந்தது. அந்தத் தாளுக்குப் புரூஃப் பார்த்த அன்று காலையில் மாடிப்படியில் வெல்டரும் தம்பியும் எதிரெதிரே வந்து, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை அவள் பார்த்திருந்தாள். அந்த ஞாபகத்தோடு படித்ததில் சமரம் என்பது சரியாகவே பட்டிருக்கிறது.

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு காலண்டரிலும் இருபத்தேழாம் தாளைத் தூக்கி, அச்சக வழக்கப்படி வரிக்கு அடியில் கூரையைப்போல ஒரு குறி போட்டு, வரிக்கு மேலே ‘ச’ எழுதினாள். கீழ்வீடு மட்டும் பாக்கி. தினமும் தட்டினாள்.

“அவரு சொல்லி அனுப்பினாரா, அண்ணி?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“இல்லப்பா, நானாத்தான் வந்தேன். காலண்டர்ல ஒரு எழுத்துத் திருத்தணும்.”

“ஆளனுப்புறதுதான அவருக்குப் பழக்கம். நடக்கிறது நடக்கட்டும், விடுங்க.”

இருபத்தேழாம் தேதி விடிந்ததும் கீழ்வீட்டுக் கதவு தானே திறந்தது. கொழுந்தன் கவசமும் வாளுமாக வெளியே வந்தான். மாடிப்படியில் வெல்டர் இறங்கிக்கொண்டிருந்தான், அவன் கையிலும் வாள். இருவர் முகத்திலும் வாய் திறந்து சொல்ல முடியாத பயம் இருந்தது. கால்கள் மட்டும் தம்பாட்டுக்கு முன்னால் நடந்தன. அண்ணி கொழுந்தனை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். சுவரில் இருபத்தெட்டு தொங்கியது. கிழித்த தாளைக் குப்பைக்கூடையில் தேடினாள், மேசையில் தேடினாள். வெளியே வாளோடு வாள் மோதியது. கட்டிலுக்கடியில் கசங்கிக் கிடந்ததை இழுத்துத் தரையில் நீவிவிட்டாள். தெரு முழுக்கத் திருத்திய பேனா அப்போது பார்த்து எழுதவில்லை. உதறினாள், வாயால் ஊதினாள். வெளியே வெல்டர் “அம்மா” என்று கத்தியது கேட்டது. தாள் கிழியும்படி அழுத்தி, குறியைப் போட்டு, மேலே ‘ச’ எழுதினாள்.

சத்தம் நின்றது. அவளுக்கு வெளியே போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வெல்டருக்குத் தோளில் ரத்தம். வாள்கள் கீழே கிடந்தன.

“அம்மா போனத நீயே வந்து சொல்லியிருக்கலாம்ல” என்றான் தம்பி.

“எந்த வாயால சொல்றதுடா” என்றான் வெல்டர். “நீ வேலை பாத்த தெருமுனை வரைக்கும் வந்தேன். நீ ஏணி மேல நின்னு ஏதோ பாடிக்கிட்டு இருந்த. திரும்பிப் போயிட்டேன்.”

தம்பி அழுதான். வெல்டர் அவன் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அப்போதுதான் அண்ணி கவனித்தாள், இரண்டு பேரும் தரையில் நிற்கவில்லை. அவள் எழுதிய ‘ச’ வரிக்கு மேலே ஏறி நின்றதைப்போல அவர்களுடைய சமரசமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. மாலையில் கிரீடம் வந்தது. “உனக்குத்தான் தலை பெருசு” என்று தம்பி அதை அண்ணன் தலையில் கவிழ்த்தான்.

நவம்பரில் குதிரைகள் வரவில்லை. வரலாறு மறுபடி பிறந்தநாட்களுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் சகோதரர்கள் ஒரே அறையில் இருந்தால் ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தார்கள். தச்சரை வைத்து நிலைவாசலை உயர்த்தி, சாப்பாட்டு மேசையின் கால்களை நீளமாக்கிக்கொண்டார்கள். ஒரே ஒருமுறை, கீழ்வீட்டுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்ற வாக்குவாதத்தில், நான்கு பாதங்களும் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டன. இருவரும் குனிந்து பார்த்தார்கள். “சரி, உன் இஷ்டம்” என்றான் அண்ணன். மறுபடி மேலே போனார்கள்.

வருடங்கள் போயின, இரண்டு பேருக்கும் தலை நரைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் டிவி பார்த்துக்கொண்டு நின்றபோது அண்ணி துடைப்பத்தோடு வந்தாள். “அப்படியே நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, அவர்கள் காலுக்கடியில் பெருக்கிக்கொண்டு போனாள்.